"அது வேற, அது டிடி!"

வெளிநாட்டில் இருக்கும் நம் வீடுகளில் ஒரு பெண் உண்டானால் முதலில் சந்தோஷம், அடுத்தது வேண்டுதல், மூன்றாவது ஒரு சண்டை. "வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு ஊசியா? எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" ஊரிலிருந்து போனில் வரும் இந்தக் கேள்விக்கும், இங்கே மிட்வைஃப் கொடுக்கும் நோட்டீசுக்கும் நடுவில் அந்தப் பெண் தவித்துப் போகிறாள்.

நான் டாக்டர் இல்லை. பி.காம் படித்த வங்கிக்காரன், இருப்பது லண்டனில், பிறந்தது கோலார் தங்கவயலில். எனக்குத் தெரிந்த ஒரே வேலை பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது. "எங்க காலத்துல ஏது" என்ற கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமே!

பிளேக் வந்த கதை

1898 ஆகஸ்டில் ரயிலேறி பெங்களூருக்கு வந்தது பிளேக். கோலார் பக்கத்தையும் அது விடவில்லை. தங்கவயல் அப்போது வடார்க்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து பிழைக்க வந்த சனங்களால் நிரம்பிக்கொண்டிருந்த நேரம். மூங்கில் தட்டி வைத்த குடிசைகள் வரிசை வரிசையாக. அந்த வரிசையைத்தான் நாங்கள் இன்றும் "லைன்" என்கிறோம்.

பிளேக்குக்கு ஒரு தடுப்பூசி இருந்தது. ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பம்பாயில் கண்டுபிடித்து, 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்துக்கொண்டது. ஆனால் சனங்கள் ஊசிக்குப் பயந்தார்கள். கோவையிலும் பெங்களூரிலும் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் இருக்கின்றன. ஊசியை விட அம்மனை நம்பிய காலம்.

அந்தப் பயம் வெறும் மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு இந்த ஊசி போட்டார்கள். அதில் ஒரே ஒரு பாட்டிலிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேரும் இறந்து போனார்கள். பிளேக்கில் அல்ல, ரணஜன்னியில். மண்ணில் இருக்கும் ரணஜன்னிக் கிருமி அந்தப் பாட்டிலுக்குள் போய்விட்டது. பழி ஹாஃப்கின் மேல் விழுந்து, வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பாட்டிலைத் திறக்கும்போது தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியது பிறகு தெரிய வந்தது. 1907-ல்தான் அவர் பழியிலிருந்து விடுபட்டார். பம்பாயில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடத்துக்கு 1925-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 19 பேரைக் கொன்ற ரணஜன்னிதான் நம் கதையின் வில்லன்.

பால் குடிப்பதை நிறுத்திய குழந்தைகள்

எங்கள் ஆயா லைன் வீட்டில் ஒன்பது பெற்றார். தங்கியது ஆறு. மற்ற மூன்றையும் பற்றிக் கேட்டால் ஒரே மாதிரிதான் சொல்வார்: நல்லாத்தான் பிறந்தது, ஒரு வாரம் பால் குடிச்சது, அப்புறம் வாய் திறக்கவில்லை, உடம்பு வில்லு மாதிரி வளைந்தது, சாமி எடுத்துக்கிச்சு. மூன்றுக்கும் என்ன நோய் என்று இன்று யாரும் சான்றிதழ் தர முடியாது. ஆனால் அவர் சொன்னது பச்சிளம் குழந்தைக்கு வரும் ரணஜன்னியின் அடையாளம், வரிக்கு வரி.

காரணம் எளிது. தொப்புள்கொடியைக் கண்ட கத்தியால் அறுப்பார்கள், மேலே சாம்பலோ சாணியோ வைப்பார்கள். கிருமி உள்ளே போய்விடும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் நடுவில் நோய் தாக்கும். குழந்தைக்கு முதல் முத்தடுப்பு ஊசி போடுவதோ ஆறாவது வாரத்தில். அதாவது குழந்தைக்குப் போட்டுக் காப்பாற்ற நேரமே இல்லை.

ஒரே வழி, அம்மாவுக்குப் போடுவது. வங்கி பாஷையில் சொன்னால், அம்மா டெபாசிட் செய்கிறாள், குழந்தை வித்ட்ரா செய்துகொள்கிறது. அம்மாவின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. சில மாதங்களுக்கு அந்த பேலன்ஸ் தாங்கும். இது நடைமுறையில் பலிக்கும் என்பதை நியூ கினியில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்து 1961-ல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள்.

இந்தியாவில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த நோய் வந்துகொண்டிருந்தது. 1985 நவம்பர் 19 அன்று எல்லாக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி என்ற தேசியத் திட்டம் தொடங்கியது. நர்சம்மாக்கள் வீடு வீடாகப் போனார்கள். ஊசி மட்டும் செய்த வேலை இல்லை இது; ஆஸ்பத்திரிப் பிரசவமும் புது பிளேடும் சேர்ந்து செய்தது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்த நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதுதான் அதற்கு அளவுகோல். கிருமி மண்ணில் இன்னும் இருக்கிறது. அதனால் ஊசியும் தொடர்கிறது. டிடி என்ற ஊசி 2019 முதல் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து, டி.டி. என்றே உச்சரிக்கும்படி வேறு ஊசியாக மாறியிருக்கிறது.

சந்தேகத்துக்கும் ஒரு வரலாறு

சரி, அப்படியானால் ஏன் பயம்? ஊசி போடுகிறவர் யார் என்பதைப் பொறுத்தது அது. எங்கள் ஊரில் 1930-ல் தொழிலாளர்களின் விரல் ரேகையைப் பதியப் போகிறோம் என்றதும் மைன்ஸ் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. மேலே இருப்பவன் நம் உடம்பைத் தொட வந்தால் "எதுக்கு?" என்று கேட்கிற சனம் அது. எமர்ஜென்சியில் கட்டாயக் குடும்பக்கட்டுப்பாட்டைப் பார்த்த நாட்டில் பெண்களுக்கான ஊசி என்றால் சந்தேகம் வராமல் இருக்குமா? 1990-களில் பிலிப்பைன்சிலும் மெக்சிகோவிலும், 2014-ல் கென்யாவிலும் "ரணஜன்னி ஊசியில் கருத்தடை மருந்து கலந்திருக்கிறது" என்ற வதந்தி கிளம்பியது. அதே ஊசியைப் போட்டுக்கொண்ட கோடிக்கணக்கான இந்தியப் பெண்கள் அதற்கப்புறமும் பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இங்கே இப்போது

இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குக் கக்குவான் இருமல் ஊசி போடச் சொன்னார்கள். அண்ணி ஊரிலிருந்து போனில், "நாங்கல்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்?" என்றார்.

"அண்ணி, இவ வயித்துல இருக்கும்போது உங்களுக்கு ரெண்டு டிடி போட்டாங்களே?"

"அது வேற, அது டிடி! அது எல்லாருக்கும் போடறது!"

ஹா ஹா. அவ்வளவுதான் விஷயம். பழகிய ஊசி ஊசியே இல்லை, பழகாததுதான் ஊசி!

கக்குவான் இருமலின் கணக்கும் அதே கணக்குதான். இங்கே குழந்தைக்கு முதல் ஊசி எட்டாவது வாரத்தில். அதற்கு முன் நோய் வந்தால் மூச்சுத் திணறல். 2012-ல் இந்த நோய் பரவியபோது இங்கே 14 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரிலிருந்துதான் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி; இப்போது 16-வது வாரத்திலிருந்து போடுகிறார்கள். ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பங்கு நோய் தடுக்கப்பட்டதாக 2014-ல் லான்செட் இதழில் ஆய்வு வந்தது. ஊசி போட்டுக்கொண்ட சுமார் 20,000 பெண்களைப் பார்த்த இன்னொரு ஆய்வில், வயிற்றிலேயே குழந்தை இறப்பது கூடவில்லை. கை வலி, லேசான காய்ச்சல் வரலாம். பிறகு என்ன ஆனது? மறந்து போனோம். 2024-ல் போட்டுக்கொள்பவர்கள் சுமார் 60 சதவீதத்துக்கு இறங்கியபோது நோய் திரும்பி வந்தது, அந்த ஆண்டு மறுபடி குழந்தைகள் இறந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர்கள் எல்லா ஊசியையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை மாதிரி உயிருள்ள கிருமியை வைத்துச் செய்யும் ஊசிகளைக் கர்ப்பத்தில் போட மாட்டார்கள். ஆகவே "எந்த ஊசி, ஏன் இப்போது, முன்னாடி போட்டதே போதாதா?" என்று தாராளமாகக் கேட்கலாம். கக்குவானுக்கு முன்னாடி போட்டது போதாது. எதிர்ப்பு சக்தி குறைந்துகொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக வேண்டும். ஊரில் போட்ட டிடி-யில் கக்குவான் மருந்து கிடையாது, அதனால் அதையும் கணக்கில் சேர்க்க முடியாது.

முடிவு அந்தப் பெண்ணுடையது. மாமியார் உடையதும் இல்லை, சித்தப்பா உடையதும் இல்லை. ஊரில் போட்ட ஊசிகளின் அட்டை இருந்தால் மிட்வைஃபிடம் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தெரிந்ததைச் சொன்னால் போதும். நாம் செய்ய வேண்டியது, போனில் "எங்க காலத்துல ஏது" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது. எங்கள் காலத்தில் இருந்தது. அம்மாக்கள் கையை நீட்டினார்கள். அதனால்தான் இதைப் படிக்க நாம் இத்தனை பேர் இருக்கிறோம்.

உங்கள் வீட்டு ஆயாக்களிடமும் கேட்டுப் பாருங்கள். எத்தனை பெற்றார்கள், எத்தனை தங்கியது என்று. எழுதி வையுங்கள், வேறு யாரும் எழுதி வைக்கப்போவதில்லை.