கீழாநெல்லியும் கல்லீரல் மாத்திரையும்

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது தமிழ்நாட்டில் தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். மழைக்குப் பிறகு வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் சிறு செடி அது. இலை வரிசையின் அடிப்பக்கத்தில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரிலோ பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் குடிக்கத் தருவார்கள். எண்ணெய் சேராத பத்தியமும் உண்டு.

இந்த வழக்கம் நிலைத்ததற்கு நோயின் இயல்பும் ஒரு காரணம். தண்ணீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். பெரியவர்களைத் தொற்றும் ஹெபடைடிஸ் பி வைரஸும் பெரும்பாலோர் உடலைவிட்டு ஆறு மாதத்துக்குள் நீங்கிவிடும். வைரஸ் நீங்காமல் தங்கியவர்களுக்குத்தான் பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரக்கூடும். அவர்களுக்கு இந்தச் செடி உதவுமா என்பதே பெரிய கேள்வி.

அந்தக் கேள்வியை ஆய்வகம் எடுத்துக்கொண்டது 1980களில். ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூச் புளூம்பர்க்கின் குழுவினர், செடியின் சாறு வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதாக 1987இல் அறிவித்தனர். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் புளூம்பர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முப்பது நாள் செடி மருந்து உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போனது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. பெரும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் தாய்லாந்து, நியூசிலாந்து ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. மரபு மருந்தை நேர்மையாகச் சோதித்துப் பார்த்த முயற்சி என்ற மதிப்பு அந்தச் சென்னை ஆய்வுக்கு என்றும் உண்டு.

விடை வேறொரு தொற்றான எச்ஐவிக்கான மருந்திலிருந்து வந்தது. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தனர். எச்ஐவியும் ஹெபடைடிஸ் பியும் வெவ்வேறு குடும்பத்து வைரஸ்கள். ஆயினும் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் வேலை இரண்டுக்குமே உண்டு. அதனால் எச்ஐவிக்காக 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாமிவுடின், 1998இல் ஹெபடைடிஸ் பிக்கும் மருந்தானது.

இரு தொற்றும் ஒருசேர உள்ளவர்களின் நிலை இதனால் உடனே சீராகவில்லை. எச்ஐவி நோயெதிர்ப்பைக் குறைப்பதால் ஹெபடைடிஸ் பி உடலில் தங்குவது அதிகம். கல்லீரல் சுருக்கமும் விரைந்து வரும். அமெரிக்க ஆண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், எச்ஐவி மட்டும் உள்ளவர்களைவிட இரண்டும் உள்ளவர்கள் கல்லீரல் நோயால் இறப்பது சுமார் எட்டு மடங்காக இருந்தது. லாமிவுடினை மட்டும் எதிர்கொண்ட ஹெபடைடிஸ் பி வைரஸோ, சில ஆண்டுகளில் உருமாறித் தப்பித்தது.

2004 ஏப்ரலில் தாம்பரம் காசநோய் மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவச எச்ஐவி சிகிச்சை தொடங்கியது. உயிர்களைக் காத்த பெரும் திட்டம் அது. ஆனால் அன்றைய முதல்நிலைக் கூட்டுமருந்துகளில் ஹெபடைடிஸ் பியைத் தாக்கியது லாமிவுடின் ஒன்றுதான். கூட இருந்த நெவிரபின் என்ற மருந்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் வந்தது. இரு வைரஸையும் அடக்கி, எதிர்ப்புக்கு எளிதில் இடம்தராத டெனோஃபோவிரை இரு தொற்றும் உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்த பிறகே நிலைமை மாறியது.

இந்த மாத்திரைகள் ஹெபடைடிஸ் பியை அடக்கிவைக்கின்றனவே தவிர, பெரும்பாலோரிடம் வேரறுப்பதில்லை. இடையில் நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரல் செயலிழக்கவும் நேரிடலாம். கீழாநெல்லி குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது.