முத்திரை ஒட்டிய முதுமை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். அந்த ஆசையில் பாதி சம்பளத்துக்கானதல்ல, பென்சனுக்கானது. அரசாங்க உத்தியோகத்தருக்கு முதுமையில் பென்சன் உண்டு; அவர் இறந்தால் மனைவிக்கும் ஏதோ கிடைக்கும். தோட்டம் கொத்தியவருக்கும் கடலுக்குப் போனவருக்கும் பிள்ளைகளே பென்சன். 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தபோதும் தனியார்துறைத் தொழிலாளிக்குக் கிடைத்தது ஒருமுறை கையில் தரப்படும் தொகைதான்; மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அல்ல.

இந்த அனுபவத்தோடு ஜேர்மனிக்கு வந்த எம்மவரில் பலர், இங்குள்ள ஓய்வூதியத்தையும் அரசு மனமிரங்கித் தரும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். சோசல் காசும் ஓய்வூதியமும் ஒன்றென்று பேசுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று தேவையைப் பார்த்துத் தரப்படுவது. மற்றது உழைப்பின் பதிவிலிருந்து பிறக்கும் உரிமை. இந்த வேறுபாடு எப்படி உருவானது என்பதை அறிய ஜேர்மன் தொழிலாளரின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டியுள்ளது.

1878இல் பிஸ்மார்க் சோசலிஸ்டுகளுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தார். சங்கங்கள் தடைசெய்யப்பட்டன, பத்திரிகைகள் மூடப்பட்டன. அதே பிஸ்மார்க்கின் ஆட்சியில்தான் 1883இல் நோய்க் காப்புறுதியும், 1884இல் விபத்துக் காப்புறுதியும், 1889இல் முதுமைக்கும் இயலாமைக்குமான காப்புறுதியும் வந்தன. ஒரு கையில் தடி, மறு கையில் ரொட்டி. தொழிலாளி அரசுக்கு நன்றியுள்ளவனாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். எனவே அரசுப் பணம் பெருமளவில் இதில் சேர வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்கு வழியாக அவர் கேட்ட புகையிலை ஏகபோகத்தைப் பாராளுமன்றம் 1882இல் நிராகரித்தது. இறுதியில் தொழிலாளியும் முதலாளியும் சரிபாதி கட்ட, ஒவ்வொரு ஓய்வூதியத்துக்கும் அரசு ஆண்டுக்கு 50 மார்க் சேர்ப்பது என்று முடிவானது. 1889 மே மாதம் 185க்கு 165 என்ற வாக்குகளால் சட்டம் நிறைவேறியது.

நடைமுறை எளிமையானது. தொழிலாளியிடம் ஓர் அட்டை இருக்கும். சம்பளத்துக்கு ஏற்ப, வாரத்துக்கு 14 முதல் 30 பெனிக் வரை பெறுமதியான முத்திரையை முதலாளி அதில் ஒட்ட வேண்டும். பாதியைச் சம்பளத்தில் கழிக்கலாம். முத்திரை ஒட்டப்படாத வாரம் கணக்கில் இல்லாத வாரம். நன்றியை எதிர்பார்த்து உருவான திட்டம், அந்த அட்டையினால் தொழிலாளி கேட்டுப் பெறக்கூடிய ஒன்றாக மாறியது.

முதுமை ஓய்வூதியத்துக்கு வயது 70 ஆகவும், 30 ஆண்டுப் பங்களிப்பும் இருக்க வேண்டும். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களில் எத்தனைபேர் 70ஐக் கண்டார்கள்? 1916இல்தான் வயது 65 ஆனது. ஆனால் இயலாமை ஓய்வூதியத்துக்கு ஐந்து ஆண்டுப் பங்களிப்புப் போதும். ஆகவே சில ஆண்டுகளுக்குள்ளேயே முதியோரைவிட உடல் உடைந்தவர்களே அதிகமாக ஓய்வூதியம் பெற்றனர்.

விதவைகள் 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் வர்க்கம் குறுக்கே நின்றது. அலுவலக ஊழியரின் விதவைக்கு ஓய்வூதியம் உண்டு. தொழிலாளியின் விதவைக்கோ, அவளே வேலைசெய்ய இயலாதவளாக இருந்தால் மட்டுமே உண்டு. தொழிலாளியின் மனைவி எப்படியும் கூலிவேலைக்குப் போவாள் என்பதே இதன் பின்னிருந்த எண்ணம். மேற்குப் பகுதிகளில் 1949இல்தான் இப்பாகுபாடு நீங்கியது.

1923இன் பணவீக்கம் சேர்ந்திருந்த நிதியையெல்லாம் அழித்தது. சேமிப்புக் கரையலாம் என்ற பாடத்தின் பின்னர், 1957இல் ஓய்வூதியம் சம்பள உயர்வோடு பிணைக்கப்பட்டது; அவ்வாண்டு ஓய்வூதியங்கள் சராசரியாக 60 வீதத்துக்கும் மேல் உயர்ந்தன. படிப்படியாக, இன்று உழைப்பவர் கட்டுவதை இன்றைய முதியோருக்கே கொடுக்கும் முறை நிலைபெற்றது. இன்று உழைக்கும் அகதியும் ஜேர்மன் முதியோரைத் தாங்குகிறார் என்பதை எம்மைச் சுமை என்போருக்குச் சொல்ல வேண்டியுள்ளது.

ஆனால் பதிவே உரிமையென்றால், பதிவு மறுக்கப்பட்டவர் கதி என்ன? நாசிகளின் கெற்றோக்களில் உழைத்த யூதர்களுக்கான ஓய்வூதியச் சட்டம் 2002இல்தான் வந்தது. விண்ணப்பங்களில் பெரும்பாலானவை முதலில் நிராகரிக்கப்பட்டன. 2009இல் உயர் சமூக நீதிமன்றம் நிலைமையை மாற்றியது. 1997 முதலான நிலுவைக்கு வழிசெய்ய 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குள் பலர் இறந்துவிட்டனர்.

துருக்கித் தொழிலாளரின் கதை வேறுவிதமானது. 1983இன் சட்டம், வேலையிழந்து நாடு திரும்புவோருக்கு 10,500 மார்க்கும் பிள்ளைக்கு 1,500 மார்க்கும் தருவதாகச் சொன்னது. கட்டிய ஓய்வூதியப் பணத்தையும் காத்திருக்காமல் மீளப்பெறலாம் என்றது. ஆனால் திரும்பியது தொழிலாளியின் பங்கு மட்டுமே. முதலாளி கட்டிய பாதி இங்கேயே தங்கியது. முதுமைக்கான உரிமையும் அத்தோடு முடிந்தது. ஊருக்குத் திரும்ப நினைக்கும் எம்மவரும் இதை மனதில் கொள்ள வேண்டும். பங்களிப்பை மீளப்பெறுபவர் இன்றும் தன் பாதியைத்தான் பெறுகிறார்.

எம் சமூகத்தின் நிலை என்ன? 1980களில் தஞ்சம் கோரியவர்களுக்கு வேலைத்தடை இருந்தது. உணவகங்களின் பின்புறத்தில் கையில் காசு வாங்கிக் கோப்பை கழுவியவர்களின் ஆண்டுகள் எந்த அட்டையிலும் இல்லை. இது எல்லாமே அவர்களின் தெரிவு அல்ல. ஆனால் இன்றும் "வரி வெட்டாத காசு நல்லது" என்று சொல்லும் எம் முதலாளிகளையும் அதை நம்பும் தொழிலாளரையும் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2013 முதல் மினிஜொப்பிலும் ஓய்வூதியப் பங்களிப்பு உண்டு. நிறுவனங்களில் முதலாளி 15 வீதம் கட்ட, தொழிலாளிக்கு 3.6 வீதம்தான். அந்தச் சிறுதொகையை மிச்சம் பிடிக்க விலக்குக் கேட்டுக் கையொப்பமிடுபவர், இயலாமைக்கான பாதுகாப்பையும் சேர்த்தே இழக்கிறார். நாளுக்கு மூன்று மணித்தியாலமும் வேலைசெய்ய முடியாதவருக்கு முழு இயலாமை ஓய்வூதியம் கிடைக்க, பொதுவாக ஐந்தாண்டுப் பதிவும், கடைசி ஐந்தாண்டில் மூன்றாண்டுக் கட்டாயப் பங்களிப்பும் வேண்டும்.

எம் பெண்களின் நிலை இன்னும் மோசம். இங்கு வளர்த்த பிள்ளைக்காக, 1992 முதல் பிறந்திருந்தால் மூன்று ஆண்டுகள் தாயின் கணக்கில் சேரும். ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். கணவன் பதிவின்றி உழைத்திருந்தால், அவன் இறந்தபின் விதவைக்குரிய 55 வீதம் என்பது எதன் 55 வீதம்?

முதுமை எம் முதல் தலைமுறையை எட்டிவிட்டது. கோவில் கட்டவும் விழா நடத்தவும் முடிந்த எம் அமைப்புகள், காப்புறுதிக் கணக்கைச் சரிபார்க்கும் படிவத்தை நிரப்ப ஒரு மாலையை ஒதுக்கக்கூடாதா? இதுபற்றி வாசகர்களும் எழுத வேண்டும்.