நகை முத்திரை: எது தங்கம், எது முலாம்?

பள்ளி திறக்கும் நேரம், மருத்துவச் செலவு என அவசரம் வரும்போது நம்மில் பலர் நகையோடு அடகுக் கடைக்குத்தான் போகிறோம். கொண்டு போனது முலாம் பூசிய நகை என்பது சிலருக்கு அங்கேதான் தெரிய வருகிறது. சங்கிலியின் கொக்கியிலும் மோதிரத்தின் உட்புறத்திலும் உள்ள சிறு முத்திரையைப் படிக்கத் தெரிந்தால் இதை முன்பே அறியலாம்.

எண் மட்டும் இருந்தால்

ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதை எண் காட்டும். 999 என்பது 24 காரட், 916 என்பது 22 காரட், 835 என்பது ஏறக்குறைய 20 காரட், 750 என்பது 18 காரட், 375 என்பது 9 காரட். 925 வெள்ளிக்கு உரிய எண். மஞ்சள் நகையில் 925 இருந்தால் அது தங்க முலாம் பூசிய வெள்ளி.

எழுத்தும் சேர்ந்திருந்தால்

ஜி.பி., ஜி.இ.பி., எச்.ஜி.இ. ஆகிய மூன்றும் முலாம் என்பதையே சொல்கின்றன. '24கே ஜி.பி.' என்றால் மேல்பூச்சு மட்டுமே 24 காரட். உள்ளே இருப்பது செம்பு, பித்தளை போன்ற வேறு உலோகம்தான்.

ஜி.எஃப். என்றால் தங்கத் தகட்டை வேறு உலோகத்தின் மேல் அழுத்திப் பதித்தது. '1/20 14கே ஜி.எஃப்.' என்ற 20 கிராம் சங்கிலியில் 14 காரட் தங்கம் 1 கிராம் இருக்கும்.

'14கே.பி.' என்பதைக் கண்டதும் முலாம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். குறையாத 14 காரட் என்பதற்கும் அப்படிக் குத்துவது உண்டு. கடையில் சோதித்து உறுதி செய்யுங்கள்.

மதிப்பு எவ்வளவு?

1 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வளையலில் அரை மைக்ரான் முலாம் பூச 0.05 கிராம் தங்கமே போதும். அதைப் பிரித்தெடுக்கும் செலவுக்கே அது காணாது. அதனால்தான் கவரிங் நகையை அடகுக் கடை ஏற்பதில்லை. 'ஒரு கிராம் தங்கம்' என்று விற்கும் நகையும் முலாம்தான். அந்தப் பெயரை நம்பி 1 கிராம் தங்கம் இருப்பதாகக் கணக்குப் போட வேண்டாம்.

முத்திரை மட்டும் போதாது

'எமாஸ் கொரியா', 'எமாஸ் பேங்காக்' என்ற பெயர்களில் விற்கும் முலாம் நகைகள் சிலவற்றில் 916 என்றே குத்தியிருக்கும். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதும் சான்று ஆகாது. செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. எடையைப் பாருங்கள். ஒரே அளவில் செய்தால் 22 காரட் நகை பித்தளை நகையைப் போல இரு மடங்கு கனக்கும். கொக்கி, வளையலின் உள்விளிம்பு போன்ற உரசும் இடங்களில் செம்பு நிறமோ வெண்மையோ தெரிந்தால் அது முலாம்.

வாங்கும்போது தூய்மை, எடை, செய்கூலி மூன்றும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கவரிங் போடுவதில் தவறில்லை. ஆனால் அதைக் கவரிங் விலைக்கே வாங்குங்கள். சேமிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.