குரலிழந்த சக்கரவர்த்தி

1888-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் ஜெர்மனியின் மணிமுடி மூன்றாம் பிரெடெரிக்கை வந்தடைந்தபோது, வாய்திறந்து ஓர் ஆணையிடவும் அவரால் இயலவில்லை. ஒரு மாதத்திற்கு முன்பே, இத்தாலியின் சான் ரெமோ நகரில், அவருடைய மூச்சுக்குழலைத் துளைத்துக் குழாய் பொருத்தியிருந்தனர். துண்டுத் தாள்களில் எழுதிக் காட்டியே அரசாண்டார்; ஆண்டது 99 நாள்கள்.

தொடக்கம் வெறும் கரகரப்புத்தான். 1887 மார்ச்சில் பேராசிரியர் கெர்ஹார்ட் இடக் குரல்நாணில் சிறு வளர்ச்சியைக் கண்டு, சூட்டுக் கம்பியால் பலமுறை சுட்டார். அது மீண்டும் வளர்ந்தது. மே மாதத்தில், குரல்வளையைப் பிளந்து அதனை அகற்ற வேண்டுமென்றார் ரண சிகிச்சை நிபுணர் பெர்க்மான். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட தொண்டை வைத்தியர் மெக்கென்சி தடுத்தார். அவர் கிள்ளியெடுத்த துணுக்கில் புற்றின் அடையாளம் இல்லையென்று திசு ஆய்வறிஞர் விர்ச்சோவும் கூறவே, கத்தி உறைக்குத் திரும்பியது. நவம்பரில் புற்று உறுதியாயிற்று.

மெக்கென்சியை மட்டும் பழிப்பது நமக்கு நியாயமாகப் படவில்லை. அந்த ரண சிகிச்சை உயிரைக் காத்திருந்தாலும் குரலைப் பெரிதும் சிதைத்திருக்கும். படைக்கு ஆணையிட வேண்டிய பட்டத்து இளவரசரிடம் அதைக் கேட்பது எளிதா?

இன்று, மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கரகரப்பை அலட்சியம் செய்யாது வைத்தியரிடம் காட்டி, புற்று குரல்நாணளவில் நிற்கையிலேயே கண்டறிந்தால், அத்தகைய பேரத்திற்கு இடம் அரிது. வாய்வழியே லேசர் கதிரால் அகற்றுகின்றனர். அல்லது சில வாரங்கள் கதிர்வீச்சு அளிக்கின்றனர். பெரும்பாலோர் பிழைக்கின்றனர், பேசவும் செய்கின்றனர். ஆயினும் பலருக்குக் குரல் முற்றிலும் பழையபடி திரும்புவதில்லை. சற்றே கரகரக்கும், நெடுநேரம் உரக்கப் பேசினால் களைக்கும். பயிற்சியால் ஓரளவு தேறும். அடுத்த அறையிலிருக்கும் பேரனை அழைக்க அது போதும்.