லயனல் வென்ட்டும் புகைப்படக்கலையில் தனித்துவமும்

கவிஞனுக்குச் சொல்லும் ஓவியனுக்குத் தூரிகையும் அமைந்தவாறு புகைப்படக் கலைஞனுக்கு அமைந்தது ஓர் இயந்திரம். ஒரே வகைக் கமராவும் ஒரே வகைச் சுருளும் யாவருக்கும் பொதுவாகக் கிடைக்கின்றன. அவ்வாறாயின், கண்டதும் இஃது இன்னாருடையது எனக் கூறத்தக்க தனித்துவம் ஒரு படத்திற்கு எவ்வாறு வாய்க்கின்றது? இவ்வினாவிற்கு விடைகாண்பதற்கு இலங்கையின் புகைப்பட வரலாற்றில் லயனல் வென்ட்டின் (1900 - 1944) வளர்ச்சியை நோக்குதல் பயன்தரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன் முதலிய ஐரோப்பியரின் புகைப்பட நிலையங்கள் இங்கு இயங்கின. தேயிலைத் தோட்டம், பாழடைந்த பண்டை நகரம், அணிகலன் பூண்ட பெண் என அவை விற்பனைக்காக எடுத்த படங்கள் பல தொழில்நுட்பத்திற் சிறந்தவையே. ஆயினும் அவற்றில் மனிதர் பெரும்பாலும் ஓர் இனத்தின், அல்லது ஒரு தொழிலின் மாதிரிகளாகவே நிறுத்தப்பட்டனர். படத்தை எடுத்தவனின் நோக்கினும் அதனை வாங்குபவனின் எதிர்பார்ப்பே அங்கு மேலோங்கியது எனலாம்.

கொழும்பிலே பறங்கியர் குடும்பமொன்றில், நீதியரசர் ஒருவரின் மகனாகப் பிறந்த வென்ட், இங்கிலாந்திற் சட்டமும் பியானோ இசையும் பயின்று 1924 இல் நாடு திரும்பினார். சட்டத்தொழிலில் அவர் நிலைக்கவில்லை. இசையே அவரை ஈர்த்தது. புகைப்படக்கலையில் அவர் தீவிரமாக ஈடுபட்டது 1930களிலேயாகும். கமரா கைக்கு வருமுன்னரே ஒழுங்கையும் லயத்தையும் உணரும் ஆற்றல் அவரிடம் பண்பட்டிருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அவருடைய உத்திகள் யாவும் அவரே கண்டவையல்ல. உருத்துலங்கும் நிலையிலுள்ள படத்தின்மீது மீண்டும் ஒளிபாய்ச்சி, நிழலும் ஒளியும் ஓரளவு இடம்மாறச் செய்யும் முறையும், பல படங்களை ஒன்றிணைக்கும் முறையும் பாரிஸ் நகரில் மான் ரே போன்றோர் முன்னரே கையாண்டவை. அவ்வுத்திகளை வென்ட் இந்நாட்டு மீனவரதும் நடனக் கலைஞரதும் உடலசைவுகளோடும், வெயிலோடும், சிற்பங்களோடும் வைத்துச் சோதித்தார். இரவல் வாங்கிய உத்தி பழகிய மண்ணிற் பரீட்சிக்கப்படும்போதே அது கலைஞனின் சொந்த மொழியாகின்றது.

1934 இல் பசில் றைற் நெறிப்படுத்திய 'சோங் ஒவ் சிலோன்' என்னும் விவரணத் திரைப்படத்தில் ஒலிப்பது வென்ட்டின் குரல். அங்கு அவர் வாசித்த உரை 1681 இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலைத் தழுவியது. படமோ தேயிலைப் பிரசாரத்திற்காக எடுக்கப்பட்டது. பிறர் சொற்களுக்குத் தம் குரலை வழங்கிய அதே பத்தாண்டிலேயே தமக்கென ஒரு குரலை அவர் படங்களில் நாடினார்.

இதனாற் குறைகள் இல்லையென்பது கருத்தன்று. வென்ட் வசதிபடைத்த நகரத்தவர். அவர் படமெடுத்த கிராமத்தவர் பலரின் பெயரை நாம் அறியோம். உழைப்பவனின் உடலழகைக் கண்ட கண் அவனது வறுமையையும் கண்டதா என்ற வினா நியாயமானதே. தனித்துவம் என்பது தனிமனிதத் திறனில் மட்டுமன்றி, அவன் நிற்கும் சமூகத் தளத்திலும் வேர்கொண்டுள்ளது. வென்ட்டின் அழகிற்கும் அவரது பார்வையின் எல்லைக்கும் அத்தளமே காரணமாயிற்று.

1943 இல் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலிய ஓவியர்கள் '43 குழு'வை அமைத்தபோது அதற்குத் தூண்டுகோலாய் நின்றவர் வென்ட். மறு ஆண்டே அவர் காலமானார். பின்னர் அவரது நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன, எஞ்சியவை அச்சுப்படங்களே. எத்தனை பிரதியும் எடுக்கலாம் என்று கருதப்படும் கலையில், இவருடைய ஆக்கங்கள் ஓவியங்களைப் போல அருமையாகிவிட்டன.

இன்று கைத்தொலைபேசி வாயிலாகக் கமரா நம்மெல்லோரது கையிலும் உள்ளது. கருவி பொதுவாகிவிட்டது, பார்வை பொதுவாகிவிடவில்லை. எதனைப் பார்க்கிறோம், எங்கு நின்று பார்க்கிறோம் என்ற இரு வினாக்களையும் தன்னிடமே கேட்பவனுக்கே தனிக்குரல் வாய்க்கும். முதலாவது வினாவிற்கு வென்ட் சிறந்த விடையளித்தார். இரண்டாவது வினா நமக்காக எஞ்சியுள்ளது.