'தை மாசம் பால் காய்ச்சிடலாம்'... நாம போடும் நாள் கணக்கு ஏன் தப்புது?

குறிஞ்சிப்பாடியில் ஒருவர் ஆவணியில் வீட்டுக்கு வானம் தோண்டுகிறார். "தை மாசம் பால் காய்ச்சிடலாம்" என்கிறார். நடுவில் ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் அப்போது வடகிழக்குப் பருவமழை கொட்டும் என்பது அவருக்கும் தெரியும். 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்தான். ஆனாலும் அவர் கணக்கில் மழை இல்லை. வேலை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் வாடகை ஒரு பக்கம், கடன் வட்டி இன்னொரு பக்கம்.

இதற்குப் பெயர் என்ன?

'பிளானிங் ஃபாலசி', அதாவது திட்டமிடல் பிழை. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-ல் இதை விளக்கினார்கள். இதற்குக் காரணம் சோம்பல் அல்ல, மனம் கணக்குப் போடும் விதம்தான்.

ஆய்வு என்ன சொல்கிறது?

கனடாவில் 37 மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல்! இது 1994-ல் வெளியான ஆய்வு.

மனசு ஏன் ஏமாறுது?

எல்லாம் சரியாக நடக்கும் ஒரே ஒரு காட்சியைத்தான் மனம் ஓட்டிப் பார்க்கிறது. போன முறை தாமதமானது நினைவிருந்தாலும், "அப்போ கொத்தனார் வரல, இப்போ அப்படி ஆகாது" என்று ஒதுக்கிவிடுகிறது. அதே நேரம், அடுத்தவர் வேலை என்றால் "எப்படியும் இழுக்கும்" என்று கணிக்கிறோம்.

பக்கத்து நெய்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 மெகாவாட் புதிய அனல்மின் நிலையத்துக்கு 2011-ல் ஒப்புதல் கிடைத்தது. முதல் யூனிட் 2019 டிசம்பரிலும், இரண்டாவது 2021 பிப்ரவரியிலும்தான் செயல்பாட்டுக்கு வந்தன. இன்னொரு நிலையம் எப்போது முடியும் என்று கேட்டால், புதுத் திட்டத்தில் எழுதியிருக்கும் தேதியோடு இந்த அனுபவத்தையும் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

• "எனக்கு எத்தனை நாள் ஆகும்?" என்பதற்கு முன், "இதே வேலை மத்தவங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். உங்க தெருவில் கடைசியாகக் கட்டிய மூன்று வீடுகளே போதும்.

• வேலையைப் பிரித்து எழுதுங்கள். அஸ்திவாரம், சுவர், சென்ட்ரிங், பூச்சு, வயரிங், மின் இணைப்பு. எழுத எழுத, விட்டுப்போன நாட்கள் தெரியும்.

• மழை, பண்டிகை, ஆள் வராத நாட்களை முன்கூட்டியே சேருங்கள்.

• வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் தேதியைச் சொல்லிப் பாருங்கள். அவர் சிரித்தால், கணக்கை மாற்றுங்கள். அதன் பிறகு பத்திரிகை அடியுங்கள்!