கண்ணிமையில் ஊதா நிறம், கையில் பலவீனம்: பின்னால் புற்றுநோய் இருக்கலாம்

தலைவாரக் கையை உயர்த்த முடியவில்லை. நிலத்தில் இருந்தால் எழும்ப முடியவில்லை. கண்ணிமைகளில் ஊதா நிறம், விரல் மூட்டுகளின் மேல் தடிப்புகள். இவை சேர்ந்து வந்தால் டெர்மடோமயோசைடிஸ் ஆக இருக்கலாம். தோலையும் தசையையும் தாக்கும் அரிதான அழற்சி நோய் இது. கறுத்த தோலில் நிறமாற்றம் மங்கலாகவே தெரியும். ஒவ்வாமை என்று நினைத்துக் கிறீம் பூசியே மாதங்கள் போய்விடுவதுண்டு.

வளர்ந்தவர்களில் இந்நோய்க்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1916 இலேயே பதிவானது. சுவீடன், டென்மார்க், பின்லாந்து தரவுகளைக் கொண்டு 2001 இல் வெளியான ஆய்வில், 618 நோயாளிகளில் 198 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அவர்களில் 115 பேருக்கு அது வந்தது இந்நோய் கண்டறியப்பட்ட பின்னர். சூலகம், நுரையீரல், சதையி, இரைப்பைப் புற்றுநோய்களே அதிகம் காணப்பட்டவற்றுள் அடங்கும்.

புற்றுக்கட்டியை எதிர்க்கும் உடலின் நிர்ப்பீடனம் தவறுதலாகத் தசையையும் தாக்குகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ரிஃப்1-காமா என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இரத்தத்தில் இருந்தால் ஆபத்து கூட.

பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. சிறுவர்களுக்கு வரும் வகைக்கு இந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் 40 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீரொயிட் குளிசையில் தோல் தெளிந்துவிட்டது என்று கிளினிக் போவதை நிறுத்தக்கூடாது. முதலாவது ஆண்டில்தான் ஆபத்து மிக அதிகம், 3 ஆண்டுகள் வரை கவனம் வேண்டும். "எனக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவையா?" என்று வைத்தியரிடம் நேரடியாகவே கேளுங்கள். கட்டியை அகற்றியதும் தசைப்பலம் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.